கடல் தெருவுக்கு வருகிறது: சாலையை உயர்த்துவதா, நகர்த்துவதா, விட்டுவிடுவதா?

மழை இல்லை. வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. ஆனாலும் பௌர்ணமியை ஒட்டி ஓதம், அதாவது கடலின் அன்றாட ஏற்ற இறக்கம், உச்சத்துக்கு ஏறும் நேரத்தில் தெருவோர வடிகால் வாயிலிருந்து தண்ணீர் கொப்பளித்து மேலே வருகிறது. நாக்கில் வைத்தால் கரிக்கும். மழைநீரைக் கடலுக்குக் கொண்டுபோகப் போட்ட குழாய் வழியாகவே கடல் ஊருக்குள் வருகிறது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் சார்ல்ஸ்டன், நார்ஃபோக், மயாமி பீச் போன்ற நகரங்களில் இது பழகிப்போன சங்கதி. மற்ற கடலோர நகரங்களிலும் இன்றில்லாவிட்டால் நாளை மாநகராட்சி மேசைக்கு இந்தக் கோப்பு வந்து சேரும்: இந்தச் சாலையை என்ன செய்வது?

கூட்டத்தில் முதலில் எழும் குரல் பெரும்பாலும் "உயர்த்திப் போட்டுவிடலாம்" என்பதுதான். ஒப்பந்ததாரருக்குத் தெரிந்த வேலை, மக்கள் கண்ணுக்குத் தெரியும் வேலை, ஒரு பதவிக் காலத்துக்குள் முடிந்துவிடும் வேலை. சில சாலைகளுக்கு அது சரிதான். குடியிருப்புத் தெருக்களில் முக்கால்வாசிக்கு அது தவறான முடிவு என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்வதற்கு முன், தண்ணீர் எப்படி வருகிறது, எவ்வளவு வரும் என்ற இரண்டையும் பார்த்துவிட வேண்டும்.

தண்ணீர் சாலைக்கு வரும் வழி மூன்று. கரையைத் தாண்டி அலை அடிப்பது ஒன்று. வடிகாலில் எதிர்த்து ஏறி வருவது இன்னொன்று. மூன்றாவது கண்ணில் படாது: கடல் மட்டம் ஏறினால் கரையோர நிலத்தடி நீரும் சேர்ந்து ஏறும். அது தாருக்குக் கீழே உள்ள ஜல்லிப் படுகைக்குள் புகுந்துவிடும். காய்ந்த ஜல்லி லாரியின் பாரத்தை வாங்கிப் பரப்பிக் கொடுக்கும். ஊறிய ஜல்லி நழுவும். மேலே சொட்டுத் தண்ணீர் நிற்காத சாலையில் சக்கரத் தடத்தில் முதலில் வலைபோல விரிசல் ஓடும், பிறகு பள்ளம் விழும். யாரும் கடலைச் சந்தேகிக்க மாட்டார்கள், தார் போட்டவரைத்தான் திட்டுவார்கள். நியூ ஹாம்ப்ஷயர் கடற்கரையில் நடந்த ஓர் ஆய்வு, ஓத வெள்ளம் எட்டும் தூரத்தைப்போல மூன்று நான்கு மடங்கு உள்ளே வரை நிலத்தடி நீர் ஏற்றம் பரவும் என்று கணித்தது. ஆகவே வெள்ள வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு சாலைப் பட்டியல் போட்டால் பாதிச் சாலைகள் விட்டுப்போகும்.

எவ்வளவு ஏறும் என்பதற்கு ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் ஆறாவது அறிக்கை கைகொடுக்கும். 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் ஏறியது. 2006–2018 காலத்தில் வேகம் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர். 2100-க்குள், பசுமைக்குடில் வாயு வெளியேற்றம் மிகக் குறைந்தால் 0.28 முதல் 0.55 மீட்டர், மிக அதிகமானால் 0.63 முதல் 1.01 மீட்டர் வரை ஏறலாம். இந்த எண்களில் எதை எடுப்பது என்று சண்டை போடும் கூட்டங்கள் உண்டு. எல்லாச் சாலைக்கும் ஒரே எண் தேவையில்லை என்பதை உணர்ந்தால் பாதிச் சண்டை அடங்கிவிடும். தார் மேற்பரப்பு பதினைந்து, இருபது ஆண்டு வரும். அதற்குள் இன்றைய வேகத்தில் கடல் ஏழெட்டு சென்டிமீட்டர்தான் ஏறும். அடுத்த முறை தார் போடும்போது மறுபடி யோசித்துக்கொள்ளலாம். பாலம் அப்படியல்ல. இன்று கட்டினால் எழுபத்தைந்து, நூறு ஆண்டு நிற்க வேண்டும்; அதற்கு ஒரு மீட்டரை வைத்தே கணக்குப் போட வேண்டும். நிலமே அமிழும் ஊரில் இந்தக் கணக்கும் செல்லாது. இந்தோனேசியாவின் செமாராங் நகரின் சில பகுதிகளில் நிலம் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் வரை இறங்குகிறது. அங்கே கடல் ஏறுவது இரண்டாம்பட்சம்.

உயர்த்துவது

மயாமி பீச்சின் சன்செட் ஹார்பர் பகுதி தாழ்வானது. 2014 வாக்கில் தொடங்கி அங்கே தெருக்களைச் சுமார் இரண்டடி உயர்த்தி, பம்புகளும் வைத்தார்கள். சாலை காய்ந்தது. ஆனால் கடைகள் பழைய மட்டத்திலேயே இருந்தன. உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிடுபவரின் கண்மட்டத்தில் கார் சக்கரம் போகும். சாலையிலிருந்து கடைக்குப் படியிறங்க வேண்டும். 2016-இல் ஒரு பலத்த மழையின்போது மின்சாரம் போய், பம்பு நின்று, அப்படித் தாழ்ந்து கிடந்த ஓர் உணவகத்துக்குள் தண்ணீர் புகுந்தது. இழப்பீடு கேட்டபோது காப்பீட்டுத் தரப்பு முதலில் மறுத்தது: உங்கள் தளம் சாலை மட்டத்துக்குக் கீழே இருக்கிறது, ஆகவே அது நிலவறை, நிலவறைக்குக் காப்பீடு இல்லை என்றது. உணவகம் ஓர் அங்குலம்கூட நகரவில்லை, இறங்கவில்லை. சாலை உயர்ந்ததும் கடை நிலவறை ஆகிவிட்டது.

சாலை உயர்த்துவதன் முழுச் சிக்கலும் இந்த ஒரு சம்பவத்தில் இருக்கிறது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு வீட்டு வாசலைப் பள்ளமாக்கிய தெருவில் குடியிருந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தெரு என்பது இரு பக்கமும் வாசல்கள், அடியில் குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்கம்பி, ஓரத்தில் மரம் எல்லாம் சேர்ந்த ஒரு கட்டு. அதில் ஒன்றை மட்டும் உயர்த்தினால் மற்றவை தாழ்ந்துவிடும். மேன்ஹோல் மூடியை உயர்த்தலாம். வாசலை யார் உயர்த்துவது?

நூறாண்டுக்கு முன்பே இதை இரண்டு விதமாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். சியாட்டிலில் 1889 தீ விபத்துக்குப் பிறகு ஓத நேரத்தில் சாக்கடை எதிர்த்து வரும் தொல்லையைத் தீர்க்கத் தெருக்களைப் பல அடி உயர்த்தினார்கள். கடைக்காரர்கள் அதுவரை பொறுக்காமல் பழைய மட்டத்திலேயே கட்டடங்களைக் கட்டிவிட்டார்கள். கொஞ்ச காலம் நடைபாதை கீழே, தெரு மேலே. தெருவைக் கடக்க ஏணி ஏற வேண்டியிருந்தது. கடைசியில் நடைபாதைக்கும் மேலே கூரை போட்டு, முதல் மாடியையே தரைத்தளமாக்கினார்கள். அந்தப் பழைய நடைபாதைகளை இன்று சுற்றுலாப் பயணிகள் நிலத்தடியில் போய்ப் பார்க்கிறார்கள்.

டெக்சாஸின் கால்வெஸ்டன் வேறு வழியில் போனது. 1900 சூறாவளியில் குறைந்தது ஆறாயிரம் பேர் இறந்த பிறகு, கடல்சுவர் கட்டியதோடு நிற்காமல் ஊரையே உயர்த்தினார்கள். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கட்டடங்களை ஜாக்கி வைத்துத் தூக்கி, கடலடி மணலைத் தண்ணீரோடு கலந்து அடியில் பாய்ச்சினார்கள். பல ஆண்டுகள் மக்கள் உயரமான பலகைப் பாதைகளில் நடந்தார்கள். உப்பு மணலில் மரங்கள் பட்டுப்போயின. வேலை முடிந்தபோது சாலை, வீடு, குழாய் எல்லாம் ஒரே மட்டத்தில் இருந்தன. முறையாக உயர்த்துவதென்றால் இதுதான். இன்றைய நகரத்தில் இதற்கு யார் துணிவார்கள்?

பாரம் இன்னொரு பிரச்சினை. கடலோர மண் பெரும்பாலும் இளகிய களிமண். அதன்மேல் ஓரடி மண்ணைக் கொட்டினால் அந்தப் பாரமே நிலத்தை அமுக்கும். உயர்த்தியதில் ஒரு பங்கு சில ஆண்டுகளில் திரும்ப இறங்கிவிடும். இதற்காக மண்ணுக்குப் பதில் பெரிய பெரிய தெர்மாகோல் கட்டிகளை அடுக்கி மேலே சாலை போடும் முறை நார்வேயில் 1972 முதல் இருக்கிறது. நல்ல உத்திதான். ஆனால் வெள்ளம் வரும் இடத்தில் தெர்மாகோல் மிதக்கப் பார்க்கும், அதை அமுக்கிவைக்க மேலே பாரம் வேண்டும்.

உயர்த்துவது எங்கே பொருந்துகிறது என்றால், இருபுறமும் வாசல் இல்லாத இடத்தில். சிங்கப்பூரில் சாங்கி கடற்கரையை ஒட்டி ஓடும் நிக்கோல் டிரைவ் சாலையை 2016-இல் 0.8 மீட்டர் வரை உயர்த்தினார்கள். ஒரு பக்கம் கடற்கரைப் பூங்கா, மறு பக்கம் விமான நிலையம். யாருடைய திண்ணையும் பள்ளத்தில் போகவில்லை. அதே ஊரில் புதிதாகக் கடலைத் தூர்த்து எடுக்கும் நிலத்துக்கான குறைந்தபட்ச உயரத்தை 2011-இல் சராசரிக் கடல் மட்டத்துக்கு மேல் 3 மீட்டரிலிருந்து 4 மீட்டராக ஏற்றினார்கள். புது நிலத்தில் உயரம் கூட்டுவது மலிவு, பழைய தெருவில் கூட்டுவது வழக்கு.

வடிகாலைச் சரிசெய்வது

இது யார் கண்ணுக்கும் தெரியாத வேலை. ஆகவே யாரும் முதலில் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் முதல் பணம் இங்கேதான் போக வேண்டும்.

கடலில் திறக்கும் ஒவ்வொரு வடிகால் வாயிலும் ஒருவழி வால்வு ஒன்று: வாத்தின் அலகு போல ரப்பரால் ஆனது. உள்ளிருந்து தண்ணீர் தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து கடல் தள்ளினால் மூடிக்கொள்ளும். மேகமில்லாத நாளில் தெருவில் கடல் வரும் நகரத்துக்கு இது ஒன்றே பல ஆண்டுகள் வாங்கித் தரும். சாலையைத் தோண்ட வேண்டாம், வாசலைத் தொட வேண்டாம். பராமரிப்பு வேண்டும், அவ்வளவுதான். சிப்பி ஒட்டிக்கொண்டாலோ பிளாஸ்டிக் பை சிக்கிக்கொண்டாலோ வால்வு முழுதாக மூடாது. மூடாத வால்வு இருந்தும் இல்லாததற்குச் சமம். வால்வு வாங்க நிதி கிடைக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இறங்கிச் சுத்தம் செய்ய ஆள் போட நிதி கிடைக்காது. திட்டம் தோற்பது அங்கேதான்.

வால்வுக்கும் எல்லை உண்டு. ஓதம் ஏறி வால்வு மூடியிருக்கும் நேரத்தில் மழையும் கொட்டினால் மழைநீர் வெளியே போக வழியில்லை. அப்போது பம்பு தேவை. பம்பு வந்தால் மின்சாரம், மின்சாரம் போனால் ஜெனரேட்டர், ஜெனரேட்டரை வைக்க வெள்ளம் எட்டாத உயரம் என்று பட்டியல் நீளும். மயாமி பீச் உணவகத்தின் கதை இந்தப் பட்டியலில் ஒன்று விட்டுப்போனதன் விளைவு. தெருவைக் கழுவிய தண்ணீரை அப்படியே விரிகுடாவில் கொட்டினால் அங்கே கிருமி ஏறும் என்ற புகாரும் அந்த ஊரில் எழுந்தது.

தடுப்பது

ஒவ்வொரு சாலையையும் தனித்தனியாகக் காப்பதைவிட மொத்த ஊருக்கும் ஒரு சுவர் எழுப்பிவிட்டால் என்ன? நெதர்லாந்து இப்படித்தான் வாழ்கிறது. 1932-இல் முடிந்த 32 கிலோமீட்டர் ஆஃப்ஸ்லௌட்டைக் கரையின் மேலேயே ஒரு நெடுஞ்சாலை ஓடுகிறது. கரையும் சாலையும் ஒரே கட்டுமானம். செமாராங்கிலிருந்து டெமாக் போகும் சுமார் 27 கிலோமீட்டர் சுங்கச்சாலையும் அதே யோசனையில் கடல்சுவராகவும் பயன்படும்படி திட்டமிடப்பட்டது. இளகிய கடலடியில் மூங்கில்களைக் கட்டுக்கட்டாகப் பாய்போல் அடுக்கி, அதன்மேல் கரை எழுப்பும் வேலை அங்கே நடந்தது. சாலைக்கான பணமும் சுவருக்கான பணமும் ஒரே கணக்கில் வருவதால் நிதித் துறைக்கும் ஏற்புடையது.

ஆனால் இது எல்லா மண்ணிலும் செல்லாது. மயாமி நிற்பது ஓட்டை ஓட்டையான சுண்ணாம்புப் பாறையில். சுவர் எழுப்பினால் கடல் அடியில் நுழைந்து சுவருக்கு இந்தப் பக்கம் வரும்.

மண் ஒத்துழைத்தாலும் தடுப்பு ஊரின் தாழ்ந்த தெருவைக் காக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. வெனிஸின் மோசே தடுப்பில் மூன்று நுழைவாயில்களில் 78 கதவுகள். 2020 அக்டோபர் 3-இல் முதன்முறையாக உண்மையான ஓதத்துக்கு எதிராக எழுந்து ஊரைக் காத்தன. ஆனால் ஓதம் 110 சென்டிமீட்டரை எட்டும் என்ற கணிப்பு இருந்தால்தான் கதவுகளை எழுப்புவது வழக்கம். அதற்கும் குறைந்ததற்கெல்லாம் மூடினால் துறைமுகம் முடங்கும், காயலின் நீரோட்டமும் நிற்கும். சான் மார்க்கோ சதுக்கத்திலோ எண்பது சென்டிமீட்டரைக் கடந்தாலே தண்ணீர் தேங்கத் தொடங்கும். இடைப்பட்ட அந்த ஓதங்களில் கோடிக்கணக்கான யூரோ தடுப்பு கடலடியில் படுத்திருக்கும், சதுக்கத்தில் பலகை போட்டு நடப்பார்கள்.

நகர்த்துவது, தூக்கிக் கட்டுவது

ஒரே ஒரு நெடுஞ்சாலையை நம்பி ஊர் இருந்தால் பேச்சு வேறு. வட கரோலைனாவின் வெளித்தீவுகளில் ஓடும் நெடுஞ்சாலை 12 ஒவ்வொரு புயலுக்கும் அறுந்து, மணலை அள்ளி, மறுபடி போடப்பட்டுவந்தது. 2022-இல் ரொடாந்தே அருகே அதை உட்புறக் கடல் நீர்ப்பரப்புக்கு மேலே சுமார் 3.9 கிலோமீட்டர் நீளப் பாலமாக மாற்றினார்கள். செலவு ஏறக்குறைய 14.5 கோடி டாலர். அடிக்கடி அறுபடும் பழைய துண்டை அகற்றிவிட்டார்கள். கலிபோர்னியாவின் கிளீசன் கடற்கரையிலும் அரித்துக்கொண்டிருந்த நெடுஞ்சாலை 1-ஐ உள்ளே தள்ளிப் புதிய பாலத்தில் ஏற்றிவிட்டார்கள்.

மாற்றுப்பாதை இல்லாத முக்கியச் சாலைக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. ஒரு விஷயத்தை மட்டும் கவனிக்க வேண்டும்: பாலத்தின் இரு முனையும் தரையில்தான் இறங்கும். முனையில் இருக்கும் ஊர் தாழ்வாகவே இருந்தால், நூறாண்டுப் பாலம் நாற்பதாண்டு ஊருக்குப் போய்ச் சேரும்.

நேரம் பார்த்துப் போவது

இதைச் சொன்னால் பொறியாளர்கள் சிரிப்பார்கள், ஆனால் பட்டியலில் இருக்க வேண்டும். இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் தீவுக்குப் போகும் சாலை நாளுக்கு இருமுறை கடலுக்குள் போகும். எப்போது கடக்கலாம் என்று கால அட்டவணை ஒட்டியிருக்கும். நடுவில் மாட்டிக்கொண்டவர் ஏறி நிற்கத் தூண்மேல் ஒரு கூண்டும் உண்டு. அப்படியும் ஆண்டுதோறும் சிலர் அட்டவணையை மீறிக் காரை மூழ்கடிக்கிறார்கள்.

ஓதம் முன்கூட்டியே கணிக்கக்கூடியது என்பதுதான் இங்கே அனுகூலம். ஆண்டுக்கு ஐந்தாறு முறை, இரண்டு மணி நேரம் நனையும் தெருவை முந்தைய நாளே அறிவித்து மூடலாம், பேருந்தை வேறு தெருவில் விடலாம். மூடுவது முக்கியம். கணுக்கால் தண்ணீரில் வேகமாகப் போகும் ஒரு வண்டி கிளப்பும் அலை, அதுவரை காய்ந்திருந்த கடைக்குள் ஏறிவிடும். உப்புத் தண்ணீர் வண்டியின் அடிப்பாகத்தையும் அரிக்கும். ஆம்புலன்ஸ் போகும் ஒரே வழியாக இருந்தால் மட்டும் இந்த யோசனையை அன்றே கைவிட வேண்டும்.

விட்டுவிடுவது

பேசக் கூசும் தேர்வு. ஆனால் பணத்தை வைத்துப் பார்த்தால் தப்பவே முடியாதது. புளோரிடா கீஸ் தீவுகளில் சுகர்லோஃப் தீவின் ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் பழைய மாநிலச் சாலைக்கு 2019-இல் கணக்குப் போட்டார்கள். 2025-க்குள் நாற்பது சென்டிமீட்டர் உயர்த்த 7.5 கோடி டாலர். 2060-இல் எதிர்பார்க்கும் வெள்ளத்தையும் தாங்கும்படி உயர்த்தினால் 18.1 கோடி. அந்தச் சாலையில் இருந்தவை சுமார் இரண்டு டஜன் வீடுகள். வீட்டுக்கு முப்பது லட்சம் டாலருக்கு மேல். அந்தப் பணத்தில் வீடுகளை வாங்கிவிடலாமே என்று யாருக்கும் தோன்றும்.

தோன்றுவது எளிது, சட்டம் எளிதல்ல. அதே புளோரிடாவின் செயின்ட் ஜான்ஸ் வட்டாரத்தில் கடலரிப்பில் திரும்பத் திரும்ப அறுந்த பழைய சாலை ஒன்றை நிர்வாகம் சரியாகப் பராமரிக்கவில்லை என்று வீட்டுக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதன் சாரம்: முறைப்படி சாலையைக் கைவிடாத வரை, மக்கள் போய்வரும் அளவுக்குப் பராமரிக்கும் கடமை நிர்வாகத்துக்கு உண்டு, செய்யாமல் சும்மா இருப்பதே சொத்தைப் பறித்ததாக ஆகலாம். ஆகவே பள்ளத்தை மூடாமல், விளக்கை மாற்றாமல், மக்களே சலித்துப் போகட்டும் என்று காத்திருக்கும் வழி பணத்தை மிச்சப்படுத்தாது.

வெளிப்படையாகச் செய்தாலும் அரசியல் சுடும். சான் பிரான்சிஸ்கோவில் கடலோர கிரேட் ஹைவேயின் ஒரு நீளத்தைக் கார்களுக்கு நிரந்தரமாக மூடிப் பூங்காவாக்க 2024 நவம்பரில் வாக்காளர்கள் ஒப்புதல் தந்தார்கள். பூங்கா வேண்டும் என்பதே அங்கே முதன்மைக் காரணம். தெற்கே இருந்த சாலை நீட்சி கடலரிப்பால் ஏற்கெனவே கைவிடும் பட்டியலில் இருந்தது. அந்த முயற்சியை முன்னின்று நடத்திய நகர மன்ற உறுப்பினர் ஜோயல் எங்கார்டியோவை 2025 செப்டம்பரில் அவர் தொகுதி மக்களே வாக்களித்துத் திருப்பி அழைத்தார்கள். நகரின் பெரும்பான்மை ஆதரித்த முடிவு, அந்தச் சாலையில் தினமும் போய்வந்தவர்களுக்கு இழப்பு. இதை மனதில் வைக்காமல் பின்வாங்கும் திட்டம் எழுதுவதில் பயனில்லை.

எந்தச் சாலைக்கு எது

நகரம் முழுமைக்கும் ஒரே கொள்கை என்று அறிவிப்பது செய்தித்தாளுக்கு நல்லது. வேலைக்கு, சாலையைத் துண்டுதுண்டாகப் பிரித்து மூன்று கேள்வி கேட்டால் போதும்: இது அறுந்தால் வேறு வழி உண்டா, ஓரத்தில் வாசல் உண்டா, அடியில் என்ன ஓடுகிறது?

வேறு வழி இல்லாத, மருத்துவமனைக்கும் துறைமுகத்துக்கும் போகும் சாலை என்றால் தயங்காமல் தூக்க வேண்டும், நூறாண்டுக் கணக்கில். வாசல் இல்லாத கடற்கரைச் சாலையை அடுத்த முறை தார் போடும்போதே உயர்த்தலாம். இரண்டு பக்கமும் வாசல் உள்ள பழைய தெருவில் வால்வு, பம்பு, தேவைப்படும் நாளில் மூடுவது. உயர்த்துவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். அப்படி உயர்த்துவதானால் வாசலுக்கும் குழாய்க்குமான செலவை அதே மதிப்பீட்டில் காட்ட வேண்டும். கால்வெஸ்டனில் வீட்டைத் தூக்கும் செலவு வீட்டுக்காரர் தலையில் விழுந்தது. வசதியுள்ளவர் தூக்கிக்கொள்வார், இல்லாதவர் விற்றுவிட்டுப் போவார்.

பத்திருபது வீடுகளோடு முட்டுச்சந்தில் முடியும் தாழ்ந்த சாலைதான் மிகக் கடினமானது. அங்கே நான் பரிந்துரைப்பது, இப்போதே எழுத்தில் ஓர் எல்லைக்கோடு: ஆண்டுக்கு இத்தனை நாள் சாலை மூழ்கினால், அல்லது பராமரிப்புச் செலவு இத்தனையைத் தாண்டினால், நகரம் வீடுகளை வாங்கத் தொடங்கும், அதுவரை பராமரிக்கும். அந்த எண்ணை வீடு விற்பனைப் பத்திரத்தோடு இணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் இன்று அங்கே வீடு வாங்குபவர் முப்பதாண்டுக் கடன் எடுத்துக்கொண்டிருப்பார்.

கையில் சிறு தொகைதான் இருக்கிறது என்றால், இந்த ஆண்டு எல்லா வடிகால் வாய்க்கும் வால்வு, அதைச் சுத்தம் செய்ய ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆள், பிறகு தெருத்தெருவாக மட்டம் அளந்து ஒரு பதிவேடு. சாலை உயரத்தோடு வாசல்படி உயரத்தையும் அளக்கச் சொல்லுங்கள். அதுவும் பதிவேட்டில் ஏறினால்தான், அடுத்து தார் போட வரும் ஒப்பந்ததாரரிடம் எத்தனை அங்குலம் சுரண்டிவிட்டுப் போட வேண்டும் என்று சொல்ல முடியும்.